கடலில் விழுந்த பந்தைக் கொண்டுபோவது எது?

அலையில் தண்ணீர் முன்னேறுவதில்லை, அலையின் வடிவம் மட்டுமே முன்னேறுகிறது என்று பள்ளியில் படித்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் மகன் கடலில் தவறவிட்ட பந்து ஒருமுறை தானாகவே கரைக்கு வந்ததும், இன்னொரு முறை கண்ணெதிரே உள்ளே போய் மறைந்ததும் எப்படி, அதை இழுத்தது அலையா, ஓதமா (கடல்மட்டம் நாள்தோறும் ஏறி வற்றுவது), நீரோட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பந்தை வைத்து நீங்கள் கேட்டிருப்பது கடலியலின் அடிப்படையான கேள்வி. கடலில் நாம் பார்க்கும் அசைவுகளில் எது தண்ணீரையே இடம்பெயர்க்கிறது, எது தண்ணீரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுக் கடந்து போய்விடுகிறது? அலைகளையும் ஓதத்தையும் அளக்கும் கருவிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். பெருங்கடல்களின் ஆழத்து நீரோட்டங்கள் என் நேரடித் துறை அல்ல. அந்த இடம் வரும்போது, படித்துத் தெரிந்துகொண்டவனாகத்தான் பேச முடியும்.

பள்ளியில் படித்தது பெரும்பாலும் சரிதான். நங்கூரமிட்ட மிதவை ஒன்றைப் படகில் இருந்தபடி பத்து நிமிடம் பாருங்கள். அலையின் முகடு வரும்போது மிதவை மேலே எழுந்து கொஞ்சம் முன்னே போகிறது. முகடு கடந்ததும் இறங்கி, பள்ளத்தில் இருக்கும்போது கொஞ்சம் பின்னே வருகிறது. அடுத்த முகட்டுக்கு ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. தண்ணீர்த் துளியும் இதைத்தான் செய்கிறது: ஒவ்வொரு அலைக்கும் ஒரு வட்டம் சுற்றி வருகிறது. மேற்பரப்பில் வட்டத்தின் விட்டம் அலையின் உயரம். கீழே போகப்போக வட்டம் வெகு வேகமாகச் சிறுத்துவிடும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பு அசைவில் நூற்றில் நான்கு பங்குதான் மிஞ்சும். மேலே கப்பலைப் புரட்டும் புயல் வீசும்போதும் நீர்மூழ்கிக் கப்பல் ஆழத்தில் அமைதியாகப் போவதற்கு இதுதான் காரணம்.

பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வட்டம் முழுதாக மூடுவதில்லை. முகட்டில் இருக்கும்போது துளி சற்று மேலே, வேகம் கூடிய அடுக்கில் இருக்கிறது. பள்ளத்தில் இருக்கும்போது சற்றுக் கீழே, வேகம் குறைந்த அடுக்கில் இருக்கிறது. ஆகவே முன்னே போகும் தூரம் பின்னே வரும் தூரத்தைவிட ஒரு மயிரிழை கூடுதல். இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸ் 1847இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு மீட்டர் உயரமும் எட்டு வினாடி இடைவெளியும் கொண்ட அலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்கடலில் அந்த அலை ஒரு மணி நேரத்தில் சுமார் 45 கிலோமீட்டர் ஓடுகிறது. அதே ஒரு மணி நேரத்தில் மேற்பரப்புத் தண்ணீரை அது நகர்த்துவது சுமார் 45 மீட்டர்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் பந்து திறந்த கடலில் மிதக்கும்வரை, அலையின் கைவரிசை அவ்வளவுதான்.

அலை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிலாதான் அலையை எழுப்புகிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். கரையில் நாம் பார்க்கும் சாதாரண அலைகளை எழுப்புவது காற்று. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் தூரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இதில் சந்தேகமே இல்லை. ஆனால் காற்று தன் ஆற்றலைத் தண்ணீருக்கு எந்த வழியில் கைமாற்றுகிறது என்பது அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. 1957இல் ஓவன் பிலிப்ஸ், ஜான் மைல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே இரண்டு விளக்கங்களை முன்வைத்தார்கள். முதலாவது, சமமான நீர்ப்பரப்பில் முதல் சிற்றலைகள் தோன்றுவதை விளக்குகிறது; இரண்டாவது, தோன்றிய அலை வளர்வதை. இன்றைய அலை முன்னறிவிப்பு முறைகள் இவற்றின் மேல்தான் எழுந்திருக்கின்றன என்றாலும், கொந்தளிக்கும் புயல் கடலில் நடப்பதை முழுமையாகச் சொல்லும் கோட்பாடு இன்னும் உருவாகவில்லை.

புயலை விட்டு வெளியேறிய அலைகள் காற்றின் தயவு இல்லாமலேயே பயணம் போகின்றன. இடைவெளி நீண்ட அலைகள் வேகமானவை. அவை முந்திக்கொண்டு ஓடிவிடும். கடலியலாளர் வால்டர் மங்க் தலைமையில் 1963இல் நடந்த ஆய்வில், நியூசிலாந்திலிருந்து அலாஸ்காவரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே ஒரே வரிசையில் அலை அளக்கும் நிலையங்களை அமைத்தார்கள். அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் எழுந்த புயல்களின் அலைகள், 10,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து அலாஸ்காவை எட்டியதைக் கருவிகள் பதிவு செய்தன. உங்கள் கடற்கரையில் காற்றே இல்லாத ஒரு நாளில் பெரிய அலைகள் சீராக வந்து அடிக்கின்றன என்றால், அவற்றை அனுப்பிய புயல் நீங்கள் செய்தியில்கூடக் கேள்விப்படாத ஏதோ ஒரு மூலையில் சில நாட்களுக்கு முன் வீசி ஓய்ந்திருக்கும். வெவ்வேறு நீளமுள்ள அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவதால் அவை கூட்டம் கூட்டமாக வரும். சில நிமிடங்கள் சிறிய அலைகள், பிறகு அடுத்தடுத்துச் சில பெரியவை. கடலில் இறங்கும் முன் பத்துப் பதினைந்து நிமிடமாவது நின்று பாருங்கள் என்று நான் எல்லோரையும் கேட்டுக்கொள்வது இதனால்தான். இரண்டு நிமிடம் பார்த்தவர் பார்த்தது சிறிய கூட்டத்தை மட்டும்.

இனி கரைக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆழம் குறையக்குறைய அலையின் அடிப்பகுதி தரையை உணர்கிறது, வேகம் தளர்கிறது, பின்னால் வருபவை நெருங்கிக்கொண்டே வருவதால் அலை குறுகி நிமிர்கிறது. ஆழமான பக்கம் வேகமாகவும் ஆழமில்லாத பக்கம் மெதுவாகவும் ஓடுவதால், சாய்வாக வந்த அலைகூடத் திரும்பி, ஏறக்குறைய கரைக்கு நேராகவே வந்து சேர்கிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில், முகடு தன் காலையே முந்திக்கொண்டு கவிழ்கிறது. அந்தக் கணத்தில் எல்லாம் மாறிவிடுகிறது. அதுவரை வடிவம் மட்டுமே நகர்ந்தது. இனி நுரைத்த தண்ணீரே கரையை நோக்கிப் பாய்கிறது. பந்து அந்த நுரைக்குள் அகப்பட்டால் உங்கள் காலடிக்கே வந்துவிடும். முதல்முறை நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் உடைந்த அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் அங்கேயே குவிந்து கிடக்காது, திரும்பிப் போயாக வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றால், வடியும் நீர் பாதத்துக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அது பரவலான, மெல்லிய வடிகால். அபாயமானது வேறு. அலை உடையும் பகுதியில் மணல்திட்டுகளுக்கு நடுவே தாழ்வான கால்வாய்போல ஓர் இடைவெளி இருந்தால், இருபுறமும் குவிந்த தண்ணீர் கரையோரமாக ஓடி அந்த வாய்க்குள் சேர்ந்து, ஒரே ஓட்டமாகக் கடலுக்குள் திரும்புகிறது. சாதாரணமாக அதன் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். சில நேரம் இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல் வீரர்கூட அதை எதிர்த்து நீந்தி ஜெயிக்க முடியாது. மேலும் கொடுமை என்னவென்றால், பார்ப்பதற்கு அதுதான் கடற்கரையிலேயே அமைதியான இடம். ஆழம் கூடுதலாக இருப்பதால் அங்கே அலை உடைவது குறைவு. இரண்டு பக்கமும் வெண்நுரை பொங்க, நடுவில் மட்டும் கருத்த, சலனமற்ற ஒரு பாதை தெரியும். கலங்கிய மணலும் நுரைத்துணுக்குகளும் அதன் வழியே வெளிப்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். நீந்தத் தெரியாத குடும்பங்கள், அலை இல்லாத இடமாகப் பார்த்து, குழந்தைகளோடு சரியாக அங்கேயே இறங்குவதை நான் எத்தனையோ முறை பார்த்து ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் இரண்டாவது பந்து அந்தப் பாதையில் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த ஓட்டத்தைப் பற்றி உறுதியானது எது, விவாதத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது, இது உறுதி. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நேராக நீந்தினால் களைத்துப்போய் மூழ்க நேரிடும், இதுவும் உறுதி. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறுங்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. 2010ஐ ஒட்டி, ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை இத்தகைய ஓட்டங்களில் விட்டுப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை அலை உடையும் பகுதிக்குள்ளேயே வட்டமடித்துச் சில நிமிடங்களில் ஆழம் குறைந்த இடத்துக்குத் திரும்பின. அதனால் நீந்தாமல் மிதந்துகொண்டே இருப்பது மேல் என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். மற்ற கடற்கரைகளில் நடந்த சோதனைகளில் மிதவைகள் வெளியே போய்விட்டதும் உண்டு. எல்லாக் கடற்கரைக்கும் பொருந்தும் ஒரே வழி இல்லை என்பதே இப்போதைய நிலை. பதறாமல் மிதந்து மூச்சைக் காத்துக்கொள்வது, கையை உயர்த்தி உதவி கேட்பது, இழுப்பு தளர்ந்ததும் நுரை தெரியும் பக்கமாக விலகிக் கரைக்கு வருவது: இவற்றில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஓதத்துக்கு வருகிறேன். அலைக்கும் ஓதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண, ஓதத்தை அளக்கும் ஓதமானிக் குழாய் ஒன்றுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். துறைமுகச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்திய நீண்ட குழாய் அது. அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் இருக்கும். வெளியே அலை மோதிச் சிதறிக்கொண்டிருக்கும். உள்ளே தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும். சில வினாடிகளில் வந்துபோகும் அலைக்கு அந்தச் சிறு துளை வழியே உள்ளே புக நேரம் போதாது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அந்தக் கண்ணாடி ஒரு சாண் உயர்ந்திருக்கும். அந்த உயர்வுதான் ஓதம். வேலையில் சேர்ந்த முதல் மாதம் அந்தக் குழாய்க்கு அருகே நின்றது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வெளியே அத்தனை இரைச்சல், உள்ளே நிலாவின் வேலை சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

நிலா கடலை மேலே தூக்குகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஓதத்தை உண்டாக்கும் விசை, புவியீர்ப்பில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான்; அதனால் எதையும் தூக்க முடியாது. அது தண்ணீரைப் பக்கவாட்டில் இழுக்கிறது. பக்கவாட்டு இழுப்பை எதிர்க்கப் புவியீர்ப்பு இல்லை என்பதால், அந்தச் சிறு விசையே பெருங்கடல் முழுவதையும் நகர்த்தப் போதுமானதாகிவிடுகிறது. நிலாவை நோக்கிய பக்கத்தில் இழுப்பு பூமியின் மையத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். மறுபக்கத்தில் கொஞ்சம் குறைவு. ஓதத்தை உண்டாக்குவது இந்த வித்தியாசம் என்பதால்தான் இரு பக்கமும் ஏற்றம் வருகிறது, ஒரு நாளில் இரண்டு முறை, சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளியில். சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் சேர்வதால், அந்நாட்களை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாகின்றன. அட்டமியை ஒட்டிச் சிறுத்துவிடுகின்றன.

இது நியூட்டன் 1687இல் தந்த விளக்கம். காரணம் முழுக்கச் சரி. ஆனால் நிலாவுக்கு நேர்கீழே தண்ணீர் மேடிட்டு நிற்கிறது என்ற படம் தவறு. அந்த மேடு நிலாவோடு சேர்ந்து போக வேண்டுமானால், நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் எவ்வளவு நீண்ட அலையானாலும் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. சுனாமியின் வேகமும் அதுதான். நடுவில் கண்டங்கள் வேறு குறுக்கே நிற்கின்றன. எனவே ஓதம், ஒவ்வொரு கடற்படுகையிலும் சில அசையாப் புள்ளிகளைச் சுற்றிச் சக்கரம்போலச் சுழலும் மாபெரும் அலையாக ஓடுகிறது. இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் 1770களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 16 மீட்டர்வரை வித்தியாசம் வருவதும், மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அது சில பத்து சென்டிமீட்டருக்குள் அடங்குவதும், மெக்சிகோ வளைகுடாவின் பல இடங்களில் நாளுக்கு ஒரே ஓதம் மட்டும் வருவதும் படுகையின் வடிவத்தால்தான். ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் எப்படி உயர்கிறதோ, அப்படித்தான் ஃபண்டியின் தண்ணீர் நிலாவின் தாளத்துக்கு ஒத்துப் போய்விட்டது.

கடலில் நாம் துல்லியமாக முன்கூட்டிச் சொல்லக்கூடியது ஓதம் ஒன்றுதான். 1870களிலேயே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கப்பிகளும் சக்கரங்களும் வைத்து ஓதத்தைக் கணிக்கும் எந்திரம் செய்தார். அட்டவணையில் உள்ள நேரத்தை நம்பலாம். உயரத்தை மட்டும் முழுதாக நம்பாதீர்கள்: காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறும், கரையை நோக்கிப் பலமாகக் காற்று வீசினால் அதற்கு மேலும் ஏறும். உங்கள் பந்தைப் பொறுத்தவரை, திறந்த கடற்கரையில் ஓதம் அதை நேரடியாக இழுத்துப் போயிருக்க முடியாது. அதன் ஓட்டம் அங்கே அவ்வளவு மெல்லியது. மணலில் கிடந்த பந்தை ஏறும் ஓதம் தூக்கி மிதக்கவிட்டிருக்கலாம், அவ்வளவே. முகத்துவாரமோ குறுகிய நீரிணையோ அருகில் இருந்தால் கதை வேறு. ஒரு பெரிய காயலுக்குள் ஏறிய தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்தில் ஒரு வாய் வழியே வடியும்போது, அது ஆறுபோலவே ஓடும்.

நீரோட்டங்களில் மேற்பரப்பில் ஓடுபவை பெரும்பாலும் காற்றால் நடப்பவை, ஆனால் காற்றின் திசையிலேயே போவதில்லை. 1893இல் தொடங்கி ஃப்ராம் கப்பலில் ஆர்க்டிக் பனியோடு மிதந்துபோன நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென், பனி காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போவதைக் கவனித்தார். பூமியின் சுழற்சிதான் இதற்குக் காரணம் என்று ஸ்வீடன் கடலியலாளர் எக்மன் 1905இல் விளக்கினார். தென்கோளத்தில் இதே விலகல் இடப்பக்கமாக இருக்கும். இந்த விலகலும் கண்டங்களும் சேர்ந்து ஒவ்வொரு பெருங்கடலிலும் பெருஞ்சுழல்களை உண்டாக்குகின்றன. 1992 ஜனவரியில் வடபசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 28,800 பிளாஸ்டிக் வாத்து, ஆமை, தவளை, பீவர் பொம்மைகள் கடலில் கொட்டின. பத்து மாதம் கழித்து அவற்றின் முதல் கூட்டம் அலாஸ்கா கரையில் ஒதுங்கியது. கடலியலாளர் கர்ட்டிஸ் எப்ஸ்மேயர் போன்றவர்கள் அவற்றைத் தொடர்ந்து கணக்கெடுத்து, அந்தக் கடற்சுழலின் வேகத்தையே அளந்தார்கள். என் அனுபவத்திலும் ஒருமுறை, நங்கூரக் கயிறு அறுந்து எங்கள் மிதவை ஒன்று போய்விட்டது. அலைகள் கரையை நோக்கியே வந்துகொண்டிருந்ததால் நேரெதிரே உள்ள கரையில் இரண்டு நாள் தேடினோம். கிடைத்தது வெகுதூரம் தள்ளி, கரைக்கு இணையான திசையில். அலையை நம்பினோம், கொண்டுபோனது நீரோட்டம்.

குளிர்ந்து உப்பேறிய நீர் வட அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும் ஆழத்தில் மூழ்கி, உலகைச் சுற்றிவர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. முன்பே சொன்னதுபோல இது என் துறை அல்ல. அட்லாண்டிக்கில் இந்தச் சுழற்சியை 2004 முதல் தொடர்ந்து அளக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் அது தளர்வது மிகவும் சாத்தியம் என்றும், 2100க்கு முன் திடீரென நின்றுவிடாது என்பதில் நடுத்தர அளவு உறுதியே உண்டு என்றும், காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசி 2021இல் சொன்னது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

கடைசியாக, உங்கள் பட்டியலில் இல்லாத நான்காவது ஆள்: நேரடியாகப் பந்தின்மேல் வீசும் காற்று. காற்றடைத்த பந்தின் பெரும்பகுதி தண்ணீருக்கு மேலே நிற்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது, அது பாய்மரம்போல ஓடிவிடும். கீழே அலைகள் கரையை நோக்கி வந்துகொண்டே இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே அந்த இரண்டாவது நாளை நினைவுபடுத்திப் பாருங்கள். பந்து அலைகளின் மேல் குதித்துக்கொண்டு, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் விலகிப் போனதென்றால் அது காற்றின் வேலை. நுரையில்லாத ஒரு பாதையில் விறுவிறுவென்று போய், அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்து தயங்கி நின்றதென்றால், அது கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டம்தான். அப்படியானால் அந்தக் கடற்கரையில் உங்கள் மகன் இறங்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கால்வாய் ஒரே இடத்தில் பல நாட்கள், சில சமயம் பல வாரங்கள்கூட நிலைத்திருக்கும்.